பிரெஞ்சு நடிகர், டைரக்டர் ஜாக் தாத்தி படம் பாத்திருக்கீங்களா?

நேத்து 'மோன் ஓங்க்ல்' பாத்தேன், ஹீரோ பேசவே மாட்டேங்கிறாரு ஆனா உடம்ப வச்சே சிரிக்க வைக்கிறாரு. ஜாக் தாத்தி மொதல்ல மைம் ஆர்ட்டிஸ்ட்டா (பேசாம உடம்பசைவாலயே நடிக்கிறவரா)?

பதில்: ஆமாங்க, ரக்பி ஆடிட்டிருந்தவரு, கோல்கீப்பர் டென்னிஸ் பிளேயர் எல்லாம் எப்படி ஆடுவாங்கன்னு நடிச்சுக் காட்டியே 1930கள்ல பாரிஸ் மேடையில பேர் வாங்கினாரு, குதிரையும் அதுமேல இருக்கிற ஆளும் ரெண்டுமா அவரே மாறுவாரு, எனக்கு அதுதான் உசத்தி.

பதில்: நீங்க பாத்த ஹீரோ, அதாவது தாத்தியே நடிச்ச ஊலோ கேரக்டர், 1953லயே வந்துடுச்சு. பைப், குட்டை பேன்ட், முன்னால சாஞ்ச நடை! நீங்க பாத்த படத்துக்கு ஆஸ்கார் கெடைச்சுது.

பதில்: அவரோட 'பிளேடைம்' (1967) படத்தை விட்றாதீங்க. பாரிஸ் ஓரத்துல ஒரு ஊரையே செட் போட்டு 70 எம்எம்ல எடுத்தாரு, வசூல் ஆகல, கடன்ல பழைய படங்களோட உரிமையும் போச்சு. நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.