லொக்கிங் டியூனர் மாட்டியும் மூன்றாம் கம்பி சுருதியில நிக்கல

கேள்வி (ஹட்டன்)
வணக்கம் அண்ணமாரே. ஸ்ட்ராட் வகை எலக்ட்ரிக் கிட்டார், ட்ரெமொலோ பிரிட்ஜ் (ஆர்ம்ங்கிற கைப்பிடியை அமுக்கினா கம்பி தளர்ந்து சுருதி இறங்குற பாலம்). பின்பக்கத் திருகுச்சக்கரத்தால கம்பியை இறுக்கிப் பிடிக்கிற லொக்கிங் டியூனர் (சுருதி முறுக்காணி) ஆறும் மாட்டி 10-46 கம்பி (முதல், ஆறாம் கம்பிகளோட தடிப்பு, அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குக் கணக்குல) போட்டிருக்கு. முன்னாடி இருந்தது 9-42. இப்ப ஆர்மை அமுக்கி விட்டா மூன்றாம் கம்பி, அதாவது ஜி, சுருதி ஏறி நிக்குது. பெண்ட் பண்ணினா (விரலால கம்பியைப் பக்கவாட்டில தள்ளினா) இறங்கி நிக்குது. முதல் கம்பி சும்மாவே இறங்கிக்கிட்டே போகுது. டியூனர் பழுதா?

பதில் (நுவரெலியா)
நம்ம பக்கத்துக் குளிர்தான் தம்பி. காலையில ஒரு சுருதி, வெயில் வந்ததும் ஒரு சுருதி.

பதில் (பண்டாரவளை)
குளிர்னா ஆறு கம்பியும் சேர்ந்து ஏறும் அண்ணே. ஒரு கம்பி மட்டும் ஆர்முக்கு ஏறி, பெண்டுக்கு இறங்கினா அது நட்டுல (கழுத்து முனையில கம்பிகள் பள்ளத்துல உட்கார்ற சின்னக் கட்டையில) சிக்குது. ஆர்மை அமுக்கும்போது தளர்ற கம்பி டியூனர் பக்கம் நகருது, திரும்பி வரும்போது பள்ளத்துல மாட்டிக்கிது, அதனால ஏறி நிக்குது. பெண்டுல இது தலைகீழ்.

முதல் கம்பிக்கு இப்படிப் பாருங்க தம்பி: டியூனர் தண்டின் துளையிலிருந்து கம்பியோட வால் வெளியே வர்ற இடத்துல மார்க்கர் பேனாவால ஒரு புள்ளி. பத்து நிமிஷம் வாசிங்க. புள்ளி துளைக்குள்ள போயிருந்தா லொக் பிடிக்கல. அசையலனா டியூனர்மேல பழி போட வேண்டாம்.

கேள்வி (ஹட்டன்)
முதல் கம்பிப் புள்ளி உள்ளே போயிருச்சு. ஜி புள்ளி அசையல. ஆனா ஜி-ஐத் திருகும்போது "டிங்"னு சத்தம் வருது.

பதில் (பண்டாரவளை)
அந்த "டிங்" நட்டுதான். 9-42 செட்டுல ஜி 16, இதுல 17. பழைய பள்ளம் இறுக்கம். முதல்ல பென்சில் கரியைப் பள்ளத்துல தேய்ங்க. தீரலனா நட் அரத்தால பக்கவாட்டில மட்டும் லேசா அகலப்படுத்தணும். ஆழம் கூடினா திறந்த கம்பி இரையும், அப்புறம் நட்டையே மாத்தணும்.

முதல் கம்பியை மறுபடி போடுங்க. சக்கரத்தை முழுசாத் தளர்த்தி, துளையை நட்டை நோக்கித் திருப்பி, கம்பியை நேரா இழுத்துப் பிடிச்சுக்கிட்டே சக்கரத்தை விரலால இறுக்குங்க. குறடு வேண்டாம், மெல்லிய கம்பி அந்த இடத்துலயே அறுந்துரும். சுருதிக்கு வரும்போது தண்டு அரைச் சுற்றுக்கு மேல, ஒரு சுற்றுக்குக் கீழ திரும்பினாப் போதும். வழக்கமான டியூனர் மாதிரி மூணு நாலு சுற்று விட்டா லொக்கிங் டியூனர் வாங்கினதுக்கே அர்த்தமில்ல. சுருதி சேர்த்த பிறகுதான் வாலை வெட்டணும், 3 மி.மீ. விட்டு. தடிச்ச கம்பிகளை முன்னாடியே வெட்டினா சுத்தின உறை நழுவி ஓசை மழுங்கிரும்.

பதில் (தலவாக்கலை)
ஒண்ணு விட்டுப்போச்சு. 9-ல இருந்து 10-க்குப் போனா மொத்த இழுவை ஏறத்தாழ 85 இறாத்தல்ல இருந்து நூறைத் தாண்டுது. பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கியிருக்கும். கிட்டாரோட பின்மூடியைக் கழற்றி, கம்பிகளுக்கு எதிரா பிரிட்ஜை இழுக்கிற ஸ்பிரிங்குகளோட கொக்கியைப் பிடிச்சிருக்கிற ரெண்டு திருகாணியையும் அரைச் சுற்றா இறுக்கி, ஒவ்வொரு தடவையும் சுருதி சேர்த்துட்டுப் பாருங்க. பிரிட்ஜின் பின்விளிம்பு மரத்துல இருந்து 3 மி.மீ. வந்தா நிறுத்திக்கலாம். அடுத்த முறை கம்பி மாத்தும்போது ஒண்ணொண்ணா மாத்துங்க தம்பி, ஆறையும் ஒரே நேரத்துல கழற்றினா இந்தச் சமநிலை திரும்பக் குலையும்.