15 வருட வேகன் ஆர்: வேலை பார்க்கலாமா, கொடுத்துவிடலாமா?

வணக்கம் நண்பர்களே. எங்களிடம் 2011 மாடல் வேகன் ஆர் பெட்ரோல் வண்டி இருக்கிறது. 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த வருடம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சோதனை) காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் இன்னும் 5 வருடம் ஓட்டலாம். அதில் குழப்பமில்லை.

குழப்பம் இன்ஜினில்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை வருகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. ஆயிலும் குறைகிறது. அடுத்த சர்வீஸ் வருவதற்குள் டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டைத் தொட்டுவிடுகிறது. ஒரு மெக்கானிக், பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜினை இறக்கணும், 45,000 ஆகும் என்கிறார். இன்னொருவர், ஓடும்போது புகை இல்லையே, வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர்) மாற்றினால் போதும், 8,000க்குள் முடியும் என்கிறார். எனக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. ஆனாலும் ரிங் தேய்ந்திருக்கிறதா என்று சிலிண்டர் அழுத்தத்தை அளந்து சொல்லும் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்க்காமல் கை வைக்க மனமில்லை. மதுரையில் அதை ஒழுங்காகச் செய்து, ரீடிங்கையும் காட்டும் ஒர்க்‌ஷாப் தெரிந்தால் சொல்லுங்கள்.

விற்றால் 95,000 தருவதாகப் புரோக்கர் சொல்கிறார். அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது, கடன்தான் வாங்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. இதில் சீட் உயரம் என்பதால் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிறார். துரு என்று பார்த்தால் டிரைவர் பக்கக் கதவின் அடியில் மட்டும்தான்.

இதே மாடலில் வால்வு சீல் மாற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? புகை திரும்ப வந்ததா? மொத்தம் எவ்வளவு செலவானது? எஃப்.சி.க்கு முன்னால் முடிவெடுத்தாக வேண்டும்.