பிசாரோவின் இரவு வீதி: விளக்கொளி ஏன் சேறாகிறது?

கேள்வி
பிரெஞ்சு ஓவியர் பிசாரோ 1897இல் தீட்டிய பாரிஸ் மோன்மார்த்ர் வீதியின் இரவுக் காட்சியைப் பார்த்து 16×20 அங்குல கேன்வாஸில் ஆயில் பெயின்டில் வரைகிறேன். ஈரச் சாலையில் விளக்கின் பிரதிபலிப்பை வைத்தவுடன் மஞ்சள் பச்சையாகிறது, ஆரஞ்சு சேறாகிறது. பயன்படுத்துவது டைட்டானியம் ஒயிட், காட்மியம் மஞ்சள், காட்மியம் ஆரஞ்சு, அல்ட்ராமரைன், ஐவரி பிளாக், லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). எங்கே தப்பு?

பதில் 1
ஐவரி பிளாக்கை எடுத்து வையுங்கள். மஞ்சளில் கறுப்பு பட்டாலே பச்சை அடிக்கும். இருட்டுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் போதும். நீலம் தூக்கலாக இருந்தால் வானம், சியன்னா தூக்கலாக இருந்தால் கட்டடம்.

ஆனால் பெரிய காரணம் தடிமன். அடி இருட்டு எண்ணெய் சேர்க்காமல், டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாக இருக்க வேண்டும். அது காயும் முன்பே ஒளியை டியூபிலிருந்து வந்த கெட்டியோடு வையுங்கள். பிரஷை கேன்வாஸுக்குச் சாய்த்துப் பிடித்தால் பெயின்ட் மேலே படியும். செங்குத்தாகக் குத்தினால் அடியிலிருப்பதைக் கிளறிவிடும். ஒரு தீற்று வைத்ததும் துணியில் துடைத்துவிட்டுப் புதுப் பெயின்ட் எடுங்கள். வைத்த இடத்தை மறுபடி தொடாதீர்கள்.

பதில் 2
எல்லா விளக்குக்கும் ஒரே மஞ்சளா? மூலத்தில் அப்படி இல்லை. வீதி நடுவே மின்விளக்குகள், குளிர்ந்த வெள்ளை. கடைகளில் எரிவது காஸ் விளக்கு, ஆரஞ்சு. அந்த வெள்ளை பக்கத்தில் இருப்பதால்தான் ஆரஞ்சு எரிகிறது. பிரதிபலிப்பை விளக்கைவிட ஒரு படி மங்கலாக, மேலிருந்து கீழே இழுங்கள். குறுக்கே இரண்டொரு இருண்ட தீற்று போட்டால் ஈரத்தரை வந்துவிடும்.

மனிதர்களுக்கு முகம், கால் வேண்டாம். ஓவியர் மோனே தீட்டிய கபுசீன் வீதிக் கூட்டத்தை 1874இல் விமர்சகர் லூயி லெரோய் கறுப்புத் தீற்றல்கள் என்று கேலி செய்தார். வேண்டியது அதேதான்!

பதில் 3
அடி காயாமலே வைக்கச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, அதுவும் காப்பி செய்யும்போது. இருட்டு தொட்டால் ஒட்டாத அளவு காயட்டும். சியன்னா கலந்தது சீக்கிரம் காயும். ஒளிப் பெயின்டில் கூடுதலாக லின்சீட் ஊற்றாதீர்கள். தடிமனான இடத்தில் மேலே தோல் கட்டிச் சுருங்கும், நாளடைவில் வெள்ளை மஞ்சளாகும்.

கேட்டவர்
பிரஷ் எந்த எண்?

பதில் 1
பன்றிமுடி பிளாட் (தட்டை பிரஷ்): வானத்துக்கு 10, பிரதிபலிப்புக்கு 6. மனிதர்களுக்கு 4ஆம் எண் ஃபில்பர்ட் (முனை வளைந்த தட்டை பிரஷ்). மென்முடி பிரஷ் கெட்டிப் பெயின்டைத் தூக்காது. பதில் 3 சொன்னபடி காயவிட்டாலும் சரிதான், வானத்தின் விளிம்பை மட்டும் ஈரத்திலேயே முடித்துவிடுங்கள். காய்ந்தபின் வைத்தால் கட்டடம் வெட்டி ஒட்டினமாதிரி நிற்கும்.