போட்டோ போகாம போன்ல இடம் பண்ணணும், வழி சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன். அம்மாவோட 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன் நிரம்பிடுச்சு. மாசி மகத்தன்னைக்கு தேவனாம்பட்டினம் கடற்கரையில சாமி இறங்குற நேரத்துல வீடியோ பாதியில நின்னுபோச்சு.

கூகுள் போட்டோஸ்ல பேக்கப் ஆன்லதான் இருக்கு. 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்தா ஏற்கெனவே ஏறின படங்கள் போன்ல இருந்து மட்டும் போகும், ஆன்லைன்ல இருக்கும். அந்த ஆப்ல சாதாரணமா டெலிட் பண்ணாதான் ரெண்டு பக்கமும் போயிடும். இது வரைக்கும் தெரியும். (அம்மாவுக்கு இதைப் புரிய வைக்கிறது தனிக் கதை.)

சிக்கல் கூகுள் கொடுக்கிற அந்த இலவச 15 ஜிபிதான். ஜிமெயில், டிரைவ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாத்துக்கும் சேர்த்துதான் அது, முடியப்போகுது. அம்மா பேர்ல இன்னொரு கணக்கு தொடங்கி பேக்கப்பை அதுக்கு மாத்தலாமா? மாத்தினா, போன்ல இருக்கிற பழைய படங்கள் மறுபடி முதல்ல இருந்து ஏறுமா? முதல்ல இடத்தைக் காலி பண்ணிட்டு அப்புறம் மாத்துறதுதான் சரின்னு எனக்குத் தோணுது. செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

வாட்ஸ்அப் ஃபோல்டரையும் பேக்கப்ல சேர்த்தா குட்மார்னிங் ரோஜாப்பூ மொத்தமும் ஏறிடும். சேர்க்கலைன்னா அக்கா அனுப்புற குழந்தை படம் ஏறாது. இதை எப்படிச் சமாளிக்கிறீங்க?

ஹார்ட் டிஸ்க் மட்டும் போதும்னு சொல்லாதீங்க. 2011 தானே புயல்ல கல்யாண ஆல்பமே நனைஞ்சு பக்கம் பக்கமா ஒட்டிக்கிச்சு.

கூகுள்ல கூடுதல் இடத்துக்கு மாசச் சந்தா கட்டுறவங்க, குடும்பத்தோட பகிர்ந்துக்கிட்டா கட்டுபடியாகுதா?