கொழும்பிலிருந்து ரொறன்ரோ: தூரம் எவ்வளவு, பயணம் எத்தனை மணித்தியாலம்?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். எழுபதைக் கடந்த என் தாயார், தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக, வருகிற யூன் மாதம் தனியாக ரொறன்ரோ செல்லவிருக்கிறார். கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் இல்லாதபடியால், டுபாய் வழியாக அனுப்புவதா, இலண்டன் வழியாக அனுப்புவதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இலண்டன் பெரிய சுற்று என்கிறார் அண்ணா. டுபாய் வழியாகப் பயண முகவர் காட்டிய சீட்டில், அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்டு அன்று மாலை 5.30க்கே இறங்குவதாக இருக்கிறது. பதின்மூன்றரை மணித்தியாலத்தில் போய்ச் சேர முடியுமா? அம்மா நீரிழிவுக்குக் குளிசை எடுப்பவர் என்பதால், இந்தக் கணக்கு எனக்குச் சரியாகத் தெரிய வேண்டும்.

கொட்டாஞ்சேனை ஆசிரியர்:
இரு நகரங்களுக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியாகச் சென்றால் 3,300, 11,100 என இரு கட்டங்கள். இலண்டன் வழியாகச் சென்றால் 8,700, 5,700. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், எப்படிப் போனாலும் 14,400 கிலோமீற்றர்தான் வருகிறது. சுவரில் தொங்கும் தட்டையான உலகப்படம்தான் இலண்டனைச் சுற்றுவழியாகக் காட்டுகிறது. பூகோள உருண்டை கிடைத்தால், ஒரு நூலின் நுனியைக் கொழும்பின் மேல் விரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை ரொறன்ரோ வரை இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கே அராபியாவை நாடாமல், இந்தியாவின் மேலாக வடக்கே ஏறி, ஆர்க்டிக் வட்டத்தையும் கடந்துதான் கனடாவில் இறங்கும்.

தெகிவளை பயணி:
சகோதரி, சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரம். கோடையில் ரொறன்ரோ நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. குளிர்காலத்தில் அது பத்தரையாகும். ஆகவே உங்கள் பதின்மூன்றரையுடன் ஒன்பதரையைக் கூட்டினால், உண்மையான பயணம் 23 மணித்தியாலம். டுபாய்க்கு ஏறத்தாழ 5, அங்கிருந்து 14, மீதி விமானம் மாறும் இடைவேளை. இலண்டன் வழியாகவும் பறக்கும் நேரம் 11, 8 என்று அதே அளவுதான். திரும்பி வரும்போது, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் வேகக்காற்று விமானத்தைத் தள்ளுவதால் நேரம் சற்றுக் குறையும்.

தூரமும் நேரமும் சமமாக இருக்கையில், நான் பார்ப்பது ஒரே இருக்கையில் தொடர்ந்து எவ்வளவு நேரம் இருக்க நேரும் என்பதைத்தான். நான்கு மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் இருந்தாலே காலில் இரத்தம் உறையும் ஆபத்து உயர்கிறது. 14 மணித்தியாலத்தை விட 11 மணித்தியாலம் அம்மாவுக்கு நல்லது என்பது என் எண்ணம். எந்த வழியைத் தெரிவு செய்தாலும், இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள்.

வத்தளை தாதி:
மகள், குளிசைகளைப் பெரிய பெட்டியில் போடாமல், மருத்துவரின் துண்டுடன் கைப்பையிலேயே வையுங்கள். அம்மாவின் கைக்கடிகாரத்தை ரொறன்ரோவில் இறங்கும்வரை கொழும்பு நேரத்திலேயே விட்டுவிட்டால், கடைசியாகக் குளிசை எடுத்து எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்பது அவருக்கே தெரியும். அங்கே போனபின் எந்த நேரத்துக்கு மாற்றுவது என்பதைப் புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். சக்கர நாற்காலி உதவியைச் சீட்டுப் பதியும்போதே கேளுங்கள். விமானம் மாறும் இடத்தில் அடுத்த வாசல்வரை ஊழியர் ஒருவர் கூடவே வருவார்.