காம்பி கேம்பர்: ஆர்.சி. 1969, கண்ணாடி இரட்டை. பின் ஆக்ஸில் எந்த மாடல்?

பன்னேர்கட்டா_காம்பி:
பெங்களூருவில் ஒரு ஃபோக்ஸ்வாகன் காம்பி விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே கட்டில், அலமாரி எல்லாம் போட்ட கேம்பர். முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த பழைய பாடி. ஆர்.சி. 1969 என்கிறது, சேசிஸ் நம்பர் 236 என்று தொடங்குகிறது. விற்பவர் "சி.வி. ஜாயின்ட் வண்டி" (பின் ஷாஃப்டின் இரு முனையிலும் வளையும் இணைப்பு உள்ளது) என்று அடித்துச் சொல்கிறார். பூட் (ஆக்ஸில் இணைப்பை மூடும் ரப்பர் உறை), சீல் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியவை, தப்பான செட் வந்தால் திருப்ப முடியாது. கீழே படுத்து எதைப் பார்ப்பது?

டேப்பட்_கிளியரன்ஸ்:
ஆர்.சி. வருடத்தை மறந்துவிடுங்கள் சார். அது வண்டி பதிவான வருடமாக இருக்கலாம், செய்த வருடமாக இருக்கவேண்டியதில்லை. 236-இல் 23 என்றால் காம்பி பாடி, 6 என்றால் 1966 மாடல். அதாவது 1965 ஆகஸ்ட் முதல் 1966 ஜூலை வரை ஜெர்மனியில் செய்தது. இந்த முறை 1964 ஆகஸ்டில்தான் வந்தது, அதற்கு முந்தைய நம்பர்களை இப்படிப் படிக்க முடியாது. எஞ்சின் அறையில் வலப்பக்கம் தகட்டில் குத்தியிருக்கும் எண்ணையும் ஆர்.சி.யையும் ஒப்பிடுங்கள்.

1966 என்றால் ஸ்விங் ஆக்ஸிலும் (சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பழைய வகை) ரிடக்‌ஷன் பாக்ஸும் இருக்கவேண்டும். கியர்பாக்ஸிலிருந்து சக்கரம்வரை தடிமனான இரும்புக் குழாய் போகும், ரப்பர் பூட் உள்பக்கம் மட்டும். குழாயின் முனை சக்கர மையத்துக்கு மேலே, சுழற்சி வேகத்தைக் குறைக்கும் கியர் உள்ள ஒரு பெட்டிக்குள் நுழையும், அதுதான் ரிடக்‌ஷன் பாக்ஸ். 1967 ஆகஸ்டில் வந்த ஒற்றைக் கண்ணாடி மாடலில்தான் மெல்லிய ஷாஃப்ட், இரண்டு முனையிலும் பூட், ஒவ்வொரு சி.வி. ஜாயின்டுக்கும் 6 போல்ட். இரட்டைக் கண்ணாடி பாடியில் அது இருந்தால் யாரோ சேசிஸை வெட்டி வெல்டிங் செய்திருக்கிறார்கள். அந்த வெல்டிங்கைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கிரவுன்வீல்:
இன்னொரு வம்பு உண்டு. ரிடக்‌ஷன் பாக்ஸில் ஒரே ஜோடி கியர், அது சுழற்சியைத் திருப்பிவிடும். அதனால் காம்பியில் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரம், பீட்டில் காரில் இருப்பதற்கு எதிராக, டிஃபரன்ஷியலின் (சுழற்சியை இரு பின்சக்கரங்களுக்கும் பிரிக்கும் பகுதி) மறுபக்கம் இருக்கும். பாக்ஸை வைத்துக்கொண்டு பீட்டில் கியர்பாக்ஸை அப்படியே மாட்டினால் பின்னோக்கி 4 கியர், முன்னோக்கி 1. சிரிக்காதீர்கள், மாட்டிய பிறகுதான் தெரியும்.

பாக்ஸிலும் இரண்டு வகை. பழையதன் பல் விகிதம் 1.40, பின்சக்கர நட் 36 மி.மீ. 1964 மாடலிலிருந்து 1500 எஞ்சினோடு வந்தது 1.26, நட் 46 மி.மீ. வீலும் 15 அங்குலத்திலிருந்து 14-க்கு இறங்கியது. ஆனால் டிரம்மும் நட்டும் மாற்றியிருக்கலாம், சுற்றுகளை எண்ணிப் பார்ப்பதே நிச்சயம்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஒரு பின்சக்கரம் மட்டும் தரையில், மற்றதைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, 4-வது கியர் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். எஞ்சின் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக 10 சுற்று திருப்பச் சொல்லி, புல்லி சுற்றை எண்ணுங்கள். 25 வந்தால் 1.40, 21 வந்தால் 1.26. ஒற்றைக் கண்ணாடி மாடலில் 22 வரும், அதை 21-ஓடு குழப்பிக்கொள்ளாதீர்கள், பெட்டி இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

1.40 ஓசூர் ரோட்டில் 80-இல் போனாலே எஞ்சினைக் கதற வைக்கும், ஊட்டி ஏற்றத்தில் சுகம்.

பன்னேர்கட்டா_காம்பி:
நன்றி. பெட்டி இருக்கிறது, நட் 46, எண்ணியது 21-க்குக் கொஞ்சம் மேல். ஒரு பெட்டியில் எண்ணெய்க் கசிவு.

டேப்பட்_கிளியரன்ஸ்:
அப்போது 1.26, ஸ்விங் ஆக்ஸில் பூட்டையே ஆர்டர் போடுங்கள். பெட்டி தனி அறை, கியர்பாக்ஸில் எண்ணெய் ஊற்றினால் அங்கே போகாது. இதை மறந்துதான் முக்கால்வாசிப் பெட்டிகள் எரிகின்றன. இரண்டு பெட்டியையும் வடித்து, ஒவ்வொன்றிலும் கால் லிட்டர் ஜி.எல்.-4 90 கியர் எண்ணெய். வடித்ததில் வெள்ளித் தூள் மின்னினால் பேரிங் போகிறது என்று அர்த்தம், விலையைக் குறையுங்கள். பிளந்த வகைப் பூட்டை (ஆக்ஸிலைக் கழற்றாமல் சுற்றி மாட்டித் தையலில் இணைப்பது) மாட்டும்போது தையல் மேலோ கீழோ நோக்கக் கூடாது, பக்கவாட்டில் நிற்கவேண்டும். கிளாம்பை வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு முறுக்குங்கள், தொங்கும் ஆக்ஸிலில் இறுக்கினால் முறுக்கிக்கொண்டு ஒரே மாதத்தில் கிழியும்.