பறந்ததா, எழும்பியதா? பெரிய விமானங்களின் ஒப்பீட்டுப் படம் பற்றி

வரைகோல்: நான்கு ராட்சத விமானங்களை மேலிருந்து பார்ப்பதுபோல், ஒரே அளவுகோலில், ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்திருக்கிறேன். ஹியூஸ் எச்-4 (தண்ணீரிலிருந்து எழும்பும் மர விமானம்), அன்டோனோவ் ஏஎன்-225 (சரக்கு விமானம்), ஏர்பஸ் ஏ380, போயிங் 747-8. மூக்கு நுனிகள் எல்லாம் ஒரே கோட்டில். தலைப்பு: ‘இதுவரை பறந்தவற்றில் பெரியவை’.

ம்ரியாதாசன்: படம் அழகு. ஆனால் எச்-4க்கு இங்கே என்ன வேலை? 1947 நவம்பர் 2, லாங் பீச் துறைமுகம். தண்ணீரிலிருந்து சுமார் 21 மீட்டர் எழும்பி, ஒன்றரை கிலோமீட்டர் சொச்சம் போய், மறுபடியும் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டது. ஆயுளுக்கும் அவ்வளவுதான். இதற்குப் பெயர் பறப்பதா?

ப்ரொபெல்லர்பெரியவர்: வந்துவிட்டாரய்யா. போன முறை ஹெலிகாப்டர் விவாதத்தில் பாதியில் காணாமல் போனவர் இவர்தானே? சரி, பதில் சொல்கிறேன். இறக்கை நுனிக்கு நுனி 97 மீட்டருக்கு மேல். எட்டு எஞ்சின். உடல் முழுக்கப் பெரும்பாலும் பிர்ச் மரம். அன்றைக்கு நடந்தது தண்ணீரில் ஓட்டிப் பார்க்கும் சோதனை மட்டும்தான். அதிலேயே மேலே எழுந்தது. தண்ணீரைவிட்டு எழுந்தால் பறந்தது என்றுதான் அர்த்தம். பறந்தது!

ம்ரியாதாசன்: 21 மீட்டர், ஐயா, 21 மீட்டர். இறக்கையின் நீளத்தில் கால்வாசி உயரம்கூட இல்லை. அவ்வளவு தாழ்வாகப் போனால் இறக்கைக்கும் தரைக்கும் நடுவில் சிக்கும் காற்றே தாங்கிக்கொள்ளும், இழுவிசையும் குறைந்துவிடும். அந்தத் தாங்கலைத் தாண்டி மேலே போயிருக்குமா என்பதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது.

ப்ரொபெல்லர்பெரியவர்: 1903இல் ரைட் சகோதரர்களின் முதல் பறத்தல் 12 விநாடி, சுமார் 36 மீட்டர் தூரம். உயரத்தைக் கேட்கவே வேண்டாம். அதையும் வரலாற்றிலிருந்து அழித்துவிடலாமா? சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

ம்ரியாதாசன்: அவர்களை யாரும் ‘மிகப் பெரியவை’ படத்தில் போடவில்லையே. அவர்கள் அதே நாளில் மறுபடியும் பறந்தார்கள். உங்கள் ஆள் மறுபடியும் ஏறவே இல்லை.

சந்தேகம்: ஒரு நிமிடம். பெரியது என்றால் எதை வைத்து? இறக்கையா, நீளமா, எடையா? அதை முதலில் முடிவு செய்துவிட்டால் சண்டையே இருக்காதே.

ப்ரொபெல்லர்பெரியவர்: ம்ரியாதாசன் பதில் சொல்லவில்லை, எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். எச்-4 பறந்தது. கேமராவில் படமே பிடித்திருக்கிறார்கள். மணிக்குச் சுமார் 217 கிலோமீட்டர் வேகம். மிதக்கிற கட்டைக்கு அந்த வேகம் வருமா?

இரட்டைஉடல்: இறக்கைதான் அளவு என்றால் இரட்டை உடல் விமானமான ஸ்ட்ராட்டோலாஞ்ச் எங்கே? 117 மீட்டர்! 2019 ஏப்ரல் 13 அன்று இரண்டரை மணி நேரம் ஒழுங்காகப் பறந்து ஒழுங்காகத் தரையிறங்கியது. அதை விட்டுவிட்டு மரப்படகுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

ப்ரொபெல்லர்பெரியவர்: இரண்டு உடலை நடுவில் ஒட்டி, பழைய 747-களிலிருந்து எஞ்சினைக் கழற்றி மாட்டியதைப் பற்றியா பேசுகிறீர்கள்? இங்கே பேச்சு எச்-4 பறந்ததா என்பதுதான். பறந்தது.

வால்நுனி: வரைகோல் அவர்களே, 747-8இன் நீளம் 76 மீட்டருக்கு மேல். ஏ380 72.7 மீட்டர்தான். மூக்கைச் சேர்த்து வைத்தால் போயிங்கின் வால் மூன்றரை மீட்டர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் படத்தில் ஏ380இன் நீல நிறம் அதை முழுங்கிவிட்டது. ஏர்பஸ் ஆளா நீங்கள்?

வரைகோல்: நான் யாருடைய ஆளும் இல்லை. ஊதாவும் நீலமும் கலந்து தெரிகிறது, அவ்வளவுதான். திரையின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள்.

வால்நுனி: கூட்டினேன். வால் இல்லை.

ம்ரியாதாசன்: வாலை விடுங்கள். எச்-4 முழுச் சுமையோடு கிளம்பினாலும் 180 டன் சொச்சம்தான் என்று கணக்கு. ஏஎன்-225 2009இல் ஒரே ஒரு ஜெனரேட்டரையும் அதன் சட்டகத்தையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 190 டன்னைத் தூக்கிக்கொண்டு போனது. உங்கள் விமானத்தையே சுமையாக ஏற்றியிருக்கலாம், உள்ளே நுழையாது என்பதுதான் பிரச்சினை.

ப்ரொபெல்லர்பெரியவர்: நுழையாது என்று ஒப்புக்கொண்டீர்களே, அப்புறம் எது பெரியது? உங்கள் ஏஎன்-225இன் இறக்கை 88.4 மீட்டர். நாற்பது வருடத்துக்குமேல் கழித்து, 1988இல், ஜெட் எஞ்சினோடு வந்தும் 9 மீட்டர் குறைவு. எங்கள் காலத்தில் அலுமினியத்துக்குப் போர்க்காலத் தட்டுப்பாடு. மரத்தில் கட்டிக் காட்டினார்கள். பறக்கவும் வைத்தார்கள்.

சந்தேகம்: மறுபடியும் கேட்கிறேன், எந்த அளவை வைத்துப் பேசுகிறோம்?

இரட்டைஉடல்: ‘எங்கள் காலமா’? 1947இல் ஐயாதான் விமானியோ?

ப்ரொபெல்லர்பெரியவர்: தனிப்பட்ட தாக்குதல். இவருக்கு இனி பதில் இல்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும்: ஸ்ட்ராட்டோலாஞ்ச் நீளத்தில் ஏஎன்-225ஐவிடப் பத்து மீட்டருக்குமேல் குட்டை. இனி பதில் இல்லை.

வரைகோல்: சண்டை வேண்டாம். படத்தைத் திருத்திவிட்டேன். எச்-4 ஒரே முறை பறந்ததால் அதைப் புள்ளிக்கோட்டில் போட்டிருக்கிறேன். மற்றவை முழுக்கோடு.

ப்ரொபெல்லர்பெரியவர்: புள்ளிக்கோடா? எச்-4 இன்றும் ஓரிகன் மாநில அருங்காட்சியகத்தில் முழுசாக நிற்கிறது. ஏஎன்-225 2022இல் உக்ரைனின் ஹோஸ்டமெலில் அழிந்துபோனது. இல்லாததற்கு முழுக்கோடு, இருப்பதற்குப் புள்ளியா? முதலில் அதைப் புள்ளியாக்குங்கள்.

ம்ரியாதாசன்: வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறீர்கள். போரில் எரிந்த விமானத்தை வைத்தா வாதத்தில் ஜெயிப்பது? பல வருடங்கள் கண்டம் விட்டுக் கண்டம் பறந்தது அது. உங்களுடையது ஒரு நிமிடம்கூடக் காற்றில் இல்லை. 21 மீட்டர்!

ப்ரொபெல்லர்பெரியவர்: 21 மீட்டர் என்று நீங்களே சொல்கிறீர்கள். பூஜ்யம் இல்லையே? பறந்தது.

வால்நுனி: புதுப் படத்திலும் 747-8இன் வாலைக் காணோம்.

ப்ரொபெல்லர்பெரியவர்: வரைகோல், புள்ளியை எப்போது எடுக்கிறீர்கள்?